அரளியா, இட்லிப்பூவா? வாசகர் கேள்வி – பதில்: தோட்டம்

சுவரோரம் வரிசையாக நட அரளி நல்லதா, இட்லிப்பூ நல்லதா என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்பவை, கொத்துக் கொத்தாகப் பூப்பவை, பூஜைக்கும் ஆகுபவை. ஆனால் மண், தண்ணீர் விஷயத்தில் ஒன்றுக்கு ஆவது மற்றதற்கு ஆகாது. கேள்விகளில் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

திருமங்கலத்தில் புது வீடு. மேற்குப் பக்கம் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 40 அடி நீளம், 4 அடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறோம். கரிசல் மண், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். மதியத்துக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். நர்சரியில் இட்லிப்பூதான் அழகு என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அரளியே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திருமங்கலம்

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

இட்லிப்பூ, அதாவது பழைய வெட்சி, நம் தென்னாட்டுச் செடிதான். ஆனால் அது கேட்பது இலைமக்கு நிறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மண். மண்ணின் பி.எச். (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 முதல் 6.5 வரை இருந்தால் இலை கரும்பச்சையாக மினுமினுக்கும். கரிசலில் அது பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அடியில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த மண்ணில் இரும்புச் சத்து இல்லாமல் போவதில்லை, வேர் உறிஞ்ச முடியாத வடிவத்தில் கட்டுண்டு கிடக்கும். அதற்கு மேல் சுண்ணாம்புத் தண்ணீரையும் தினமும் ஊற்றினால், நர்சரியில் பச்சைப் பசேல் என்று வாங்கி வந்த செடி ஆறேழு மாதத்தில் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிடும். நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பையில் அடைத்திருப்பது செம்மண்ணும் மக்கும். உங்கள் மண் அதுவல்ல.

அரளியின் பூர்வீகம் வறண்ட ஓடைப் படுகைகள். நம் வைகை மாதிரி நாலு நாள் வெள்ளம், மிச்ச நாளெல்லாம் வெறும் மணல் என்று இருக்கும் இடங்களில் வேர் பிடித்துப் பழகியது. அதனால் உப்பு, சுண்ணாம்பு, அனல், தண்ணீர் தட்டுப்பாடு எல்லாவற்றையும் தாங்கும். நான்கு வழிச்சாலைகளின் நடுத்திட்டில் அதை வைப்பது சும்மா இல்லை.

நடும் விதம்: ஒற்றை வரிசையாக, செடிக்குச் செடி 4 அடி. 40 அடிக்குப் பத்துச் செடி. சுவரிலிருந்து 2 அடி தள்ளி நடுங்கள். ஒரு அடியில் நட்டால் தண்டுகள் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகச் சாயும். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. தோண்டும்போது காரைக்கட்டி, செங்கல் துண்டு, ஜல்லி வந்தால் அவ்வளவையும் வெளியே எடுங்கள். கொத்தனார் வேலை முடிந்ததும் மிச்சக் கலவையெல்லாம் சுவரோரம்தான் புதைந்திருக்கும். ஒரு குழிக்கு ஒரு சட்டி மக்கிய சாண எரு, 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, மீதி தோண்டிய மண்ணே போதும். முதல் இரண்டு மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். வேர் பிடித்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை செடிக்கு 10 முதல் 15 லிட்டர். கோடையில் இலை மதியம் துவண்டு, சாயங்காலமும் நிமிராமல் இருந்தால் மட்டும் கூடுதலாக ஊற்றுங்கள்.

ரகம் பார்த்து வாங்குங்கள். அடுக்கு அரளி பார்க்க அழகு, ஆனால் வாடிய பூ உதிராமல் கொத்திலேயே காய்ந்து பழுப்பாகத் தொங்கும். ஒற்றை இதழ் அரளி தானாக உதிர்த்துவிடும். பத்துச் செடிக்கும் வாடிய பூவைக் கிள்ள ஆளில்லை என்றால் ஒற்றையே மேல்.

எப்படியும் இட்லிப்பூ வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் வாசலில் இரண்டு தொட்டியில் வையுங்கள். தொட்டி மண் உங்கள் கையில் இருக்கும்.

மூன்று வருஷமான இட்லிப்பூச் செடிகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். நுனி இலைகள் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கின்றன. யூரியா வைத்தேன், முட்டை ஓட்டுத் தூள் போட்டேன், வாழைப்பழத் தோல் ஊறவைத்து ஊற்றினேன். தேறவில்லை. பிடுங்கிவிட்டு அரளி வைத்துவிடலாமா?
– வாசகர், கே.கே. நகர், மதுரை

பிடுங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நோய் என்ன என்பது இருக்கிறது. நுனி இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்துப் பற்றாக்குறை. அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, நரம்பும் சேர்ந்தே வெளுத்திருந்தால்தான் தழைச்சத்துக் குறை. அப்போதுதான் யூரியாவுக்கு வேலை.

முட்டை ஓட்டுத் தூளை முதலில் நிறுத்துங்கள். அது சுண்ணாம்பு. வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிற பாதிப் பேர் எந்தச் செடிக்கு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அதைத் தூவுகிறார்கள். இட்லிப்பூவுக்கு அது எதிரி. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். டி.ஏ.பி., எலும்புத் தூள் போன்ற மணிச்சத்து உரங்களை அதிகம் போட்டாலும் இரும்பு இன்னும் கட்டுப்பட்டுப்போகும்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, செடியடியில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, அதன்மேல் வினிகர் ஒரு ஸ்பூன் விடுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. பி.எச். அளவே தெரிய வேண்டும் என்றால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

உடனடி வைத்தியம் இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரையுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். அது கரைந்த பிறகு 5 கிராம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், போடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. நம் ஊர்க் கடின நீரில் அன்னபேதியை முதலில் போட்டால் கண் முன்னாலேயே தண்ணீர் துருநிறமாகக் கலங்கும். கலங்கிய நீரை இலை ஏற்காது. மழைத் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ கிடைத்தால் அதிலேயே கரையுங்கள். அன்னபேதியும் இளம்பச்சைப் பளிங்காக இருக்க வேண்டும். பழுப்பாகப் பொடிந்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கடைசியில் ஷாம்பூ இரண்டு சொட்டு, இலையில் ஒட்டுவதற்கு. மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை விளிம்பு கருகும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை லேசில் போகாது, பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். மஞ்சளான பழைய இலை முழுக்கத் தேறாது. அடுத்து வரும் தளிர் பச்சையாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இது இலைக்கு மட்டும்தான். அன்னபேதியை மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு மண் சில நாளிலேயே அதைச் செடிக்கு எட்டாததாக ஆக்கிவிடும். மண்ணுக்குக் கொடுக்க உரக்கடையில் 'செலேட்' இரும்பு கேளுங்கள், மண் சுலபத்தில் கட்டிப்போடாதபடி பாதுகாத்த இரும்பு அது. அதிலும் இரண்டு வகை உண்டு. விலை குறைவான இ.டி.டி.ஏ. வகை உங்கள் மாதிரி மண்ணில் நிற்காது. இ.டி.டி.ஹெச்.ஏ. என்று அட்டையில் போட்டிருப்பதுதான் வேண்டும். விலை கூடுதல், ஆனால் கார மண்ணிலும் வேலை செய்யும். செடிக்கு 5 கிராம், 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஈரமான மண்ணில் மாலையில் ஊற்றுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை.

யூரியாவுக்குப் பதில் இனி அமோனியம் சல்பேட் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு 20 கிராம், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி. அது மண்ணை மெல்ல அமிலப் பக்கம் இழுக்கும். செடியடியில் மூன்று அங்குலக் கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு போடுங்கள். கந்தகத் தூள் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வினிகர் பொங்காத மண் என்றால் சரி. பொங்கும் மண்ணில் அது காசுக்குக் கேடு.

இத்தனை செய்தும் தளிர் பச்சையாகவில்லை என்றால் ஓரத்துச் செடி ஒன்றின் வேரைத் தோண்டிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அது வேறு கதை, அடுத்த இதழில் எழுதுகிறோம்.

மேலூர் பக்கம் தோட்ட வீடு. செம்மண், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். இரண்டு மாடு, நாலைந்து ஆடு இருக்கின்றன. ஆடு மேயாத செடியாகப் பார்த்து வேலி ஓரம் அரளி வைக்கலாம் என்று இருக்கிறோம். அரளி விஷம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், மேலூர்

முழுக்க உண்மை. இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும் விஷம். ஆடு அரளியை மேயாது என்பது பாதிதான் சரி. பச்சை இலை கசப்பு, அதனால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆபத்து கவாத்து செய்யும் நாளில்தான். வெட்டிப் போட்ட கிளை வாடினால் மாடு கன்றுகள் அதை ஒதுக்காமல் தின்னும் வாய்ப்பு அதிகம். விஷமோ காய்ந்த இலையிலும் அப்படியே இருக்கும். அறுத்த புல்லோடும் சோளத்தட்டையோடும் கலந்துவிட்டால் மாட்டுக்குப் பிரித்துத் தின்னத் தெரியாது. கொஞ்சம் இலை போதும், மாட்டைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கிளை சாய்ந்து இலையும் பூவும் விழுந்து ஊறினாலும் அந்தத் தண்ணீர் ஆகாது.

மாடு கன்று உள்ள வீட்டில் அரளி வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. எதையும் வாயில் வைக்கும் வயசுக் குழந்தை உள்ள வீட்டிலும் அப்படியே. மண்ணும் தண்ணீரும் உங்களுக்கு வாய்த்திருக்கும்போது அரளியைத் தேடிப் போவானேன்? இட்லிப்பூவை நடுங்கள். உயர ரகம் என்றால் இரண்டரை அடிக்கு ஒன்று, குட்டை ரகம் என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்று. குழியில் பாதி செம்மண், கால் பங்கு இலைமக்கு, கால் பங்கு மக்கிய தென்னை நார்க் கழிவு, இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை வேரைப் பிடித்துக் கொடுக்கும். ஆனால் ஆடு இட்லிப்பூத் தளிரைக் கடிக்கும். முதல் இரண்டு வருஷத்துக்கு வெளிப்பக்கம் வலையோ முள்ளோ கட்டத்தான் வேண்டும்.

ஏற்கெனவே அரளி வைத்திருப்பவர்களுக்கு: வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் படக் கூடாது. கழிவைத் தெருவில் போடாதீர்கள், தெரு மாடு வரும். கொளுத்தவும் கூடாது, புகையும் கெடுதல். குழி தோண்டிப் புதையுங்கள். மஞ்சளாகப் புனல் போலப் பூத்துக் காய் காய்க்கும் பொன்னரளி வேறு செடி, ஆனால் அதுவும் கொடிய விஷமே. யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தின்ற செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இட்லிப்பூ வேலியைத் தோட்டக்காரர் மாதம் ஒருமுறை கத்தரியால் சமமாக வெட்டுகிறார். பச்சைச் சுவர் மாதிரி அழகாக இருக்கிறது, ஆனால் பூவே இல்லை. அரளியையும் இப்படி வெட்டலாமா?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

பூ எங்கே வரும்? கிளை நுனியில். அதைத்தான் அவர் மாதா மாதம் வெட்டிப் போடுகிறார். இட்லிப்பூவில் வெட்டிய கிளை மறுபடி துளிர்த்து, முற்றி, மொட்டு வைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் கத்தரி வந்துவிடுகிறது. பச்சைச் சுவரும் வேண்டும், பூவும் வேண்டும் என்றால் நடக்காது.

வருஷத்துக்கு ஒரு கவாத்து போதும். இட்லிப்பூவுக்குக் கோடைப் பூ ஓய்ந்த பிறகு, ஆவணியில் செய்யுங்கள். கிளையின் நுனியில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலையே இல்லாத பழைய மரக்கட்டை வரை வெட்டினால் துளிர்க்க ரொம்ப நாள் எடுக்கும், சில கிளை காய்ந்தும் போகும். சித்திரை, வைகாசியில் கத்தரியை எடுக்கவே கூடாது. திடீரென்று வெயில் பட்ட உள்தண்டு வெந்துபோகும். இடையில் காய்ந்த பூங்கொத்தை மட்டும் முதல் ஜோடி இலைக்கு மேல் கிள்ளி வாருங்கள்.

அரளிக்கு மழை முடிந்து தை மாதம். பாதி உயரம் வரை தைரியமாக வெட்டலாம். அரளிக்கு ஒரு கணுவில் மூன்று இலை. கணுவுக்கு மேல் அரை அங்குலம் விட்டு வெட்டினால் பெரும்பாலும் மூன்று கிளை கிளம்பும். இட்லிப்பூவில் ஒரு கணுவுக்கு இரண்டு இலைதான், இரண்டு கிளைதான். அரளி சீக்கிரம் அடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். தையில் வெட்டிய அரளி பங்குனி, சித்திரைக்குக் கொத்து விட ஆரம்பித்துவிடும். அடியிலிருந்து நிறையப் பக்கக் கன்றுகள் வரும். ஐந்தாறு தண்டை மட்டும் விட்டு மற்றதைக் கையால் பிடித்துக் கிழித்தெடுங்கள். வெட்டினால் மறுபடி வரும்.

அரளித் தளிர் முழுக்க மஞ்சள் நிறப் பூச்சிகள் அப்பியிருக்கின்றன. இன்னொரு செடியில் ஒரே ராத்திரியில் இலைகள் காணாமல் போகின்றன.
– வாசகர், உசிலம்பட்டி

மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால் என்றால் அசுவினி. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கிவிட்டுத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே மிதக்கும். அரளிக்கு யூரியா வைக்கிறீர்களா? வைத்தால் நிறுத்துங்கள். கொழுத்த தளிருக்குத்தான் அசுவினி வரும், பூவும் குறையும்.

ராத்திரியில் தின்பது விரல் பருமன் பச்சைப் புழு. தலைப்பக்கம் நீல வெள்ளையில் இரண்டு கண் போன்ற புள்ளி, வாலில் ஒரு கொம்பு. பார்க்கப் பயமாக இருக்கும், கடிக்காது. செடியடியில் மிளகு போலப் புழுக்கை கிடந்தால் நேர் மேலே அண்ணாந்து பாருங்கள், அங்கேதான் இருக்கும். கையுறையோடு பொறுக்கிப் போட்டால் போதும். நாலு புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை.

இரண்டையும் போத்து வைத்து வளர்க்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

அரளி, தாராளமாக. பென்சில் பருமனில் முற்றிய தண்டு, முக்கால் அடி நீளம், இரண்டு கணு மண்ணுக்குள். மழைக்காலத்தில் ஒரு மாதத்தில் வேர் விடும். இட்லிப்பூ அடம்பிடிக்கும். பாதி முற்றிய தண்டு அரை அடி, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்து நட்டு, பாலிதீன் பையால் மூடி நிழலில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரம். அதற்குப் பதில் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதியம் போடுவது சுலபம்.

மொட்டை மாடியில் தொட்டியில் இட்லிப்பூ வைத்திருக்கிறேன். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதைத்தான் ஊற்றுகிறேன். இலை ஓரம் கருகுகிறது.
– வாசகி, திருப்பரங்குன்றம்

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் நீங்கள் குடிக்கக் கூடாது என்று வடிகட்டிய உப்பெல்லாம் இருக்கிறது, மூலத் தண்ணீரைவிடக் கெட்டியாக. இட்லிப்பூவுக்கு வேண்டவே வேண்டாம். சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது) இருக்கும், அளக்கச் சொல்லுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் தொட்டிச் செடி எதற்குமே யோசித்துத்தான் ஊற்ற வேண்டும். நிலத்தில் நிற்கும் அரளிக்கு அவ்வப்போது ஊற்றலாம். அதற்கும் தினமும் வேண்டாம்.

ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. அதை ஒரு வாளியில் பிடித்து இட்லிப்பூவுக்கு ஊற்றுங்கள். இப்போது தொட்டியில் சேர்ந்திருக்கும் உப்பை வெளியேற்ற, தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மழைத் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிடுங்கள். தொட்டி 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சிமெண்டுத் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு இறங்கும். மண் தொட்டியோ குரோ பேக்கோ வையுங்கள். சித்திரை வெயிலில் மாடித் தளத்தின் சூடு வேரை வேகவைக்கும். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் நிழல் விழும் பக்கமாக நகர்த்துங்கள்.